கணினி ஏவலாளுக்குக் குறிப்பு எழுதும் முறை



மணிலாக் கொல்லையில் இலையில் புள்ளி விழுந்தால் முன்பெல்லாம் என்ன செய்வோம்? இரண்டு செடியைப் பிடுங்கித் துண்டில் முடிந்துகொண்டு, பஸ் ஏறி வேளாண்மை அலுவலகத்துக்குப் போவோம். இப்போது கையில் செல்போன் இருக்கிறது. கொல்லையில் நின்றபடியே வீடியோ எடுத்து, "ஐயா, இது என்ன நோய் பாருங்க" என்று அனுப்பிவிடலாம்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. செல்போனில் எடுத்த வீடியோ கனமானது. சிக்னல் சரியாக இல்லாத ஊரிலிருந்து அது லேசில் போய்ச் சேராது. தீபத்துக்கு லட்சக்கணக்கான ஜனங்கள் திருவண்ணாமலையில் கூடியிருக்கும் சமயத்தில் கேட்கவே வேண்டாம். ஆகவே வீடியோவைச் சுருக்கி அனுப்ப வேண்டியிருக்கிறது. அந்தச் சுருக்கும் வேலையை இப்போது கணினிக்குள் இருக்கும் செயற்கை நுண்ணறிவிடம் ஒப்படைக்கிறார்கள். இதை 'ஏஐ ஏஜென்ட்' என்கிறார்கள். மண்டி ஏஜென்ட் மாதிரி கமிஷன் வாங்குகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். சொன்ன வேலைக்கு ஏற்ற கருவியைத் தானே எடுத்து, தானே ஓட்டி முடிக்கும் ஒரு ஏவலாள், அவ்வளவுதான்.

அந்த ஏவலாள், வீடியோ சுருக்கும் கருவியைத் தவறில்லாமல் கையாள வேண்டுமானால், கருவியைப் பற்றி ஒரு குறிப்பு எழுதி வைக்க வேண்டும். அந்தக் குறிப்பை எப்படி எழுதுவது என்பதைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன். "இது படிச்ச பசங்க வேலை, நமக்கெதுக்கு?" என்று ரேடியோவை மூடிவிடாதீர்கள். கட்டளையைத் தட்டுவது பிள்ளைகள் வேலை. எது கெடக்கூடாது என்று சொல்வது கொல்லைக்காரர் வேலை. அது உங்களுக்குத்தான் தெரியும்.

எது கெட்டுப்போகும்?

மணிலாவில் டிக்கா என்கிற இலைப்புள்ளி நோய் உங்களுக்குத் தெரியும். முன்பருவத்தில் வரும் புள்ளி பழுப்பாக இருக்கும். அதைச் சுற்றி மஞ்சள் வளையம் தெரியும். பின்பருவப் புள்ளி இன்னும் கருப்பாக இருக்கும். இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் கரிய நிறம். துரு நோய் வேறு. இலையின் அடிப்பக்கத்தில் ஊசி முனைபோல ஆரஞ்சும் பழுப்பும் கலந்த சின்னச் சின்னக் கொப்புளங்கள் எழும்பும். இலைப்புள்ளிக்குக் கேட்கிற கார்பன்டாசிம் மருந்து துருவுக்குக் கேட்காது. நோயை மாற்றிச் சொல்லிவிட்டால் மருந்துக் காசும் போச்சு, அடித்த கூலியும் போச்சு, நோயும் நிற்காது.

வீடியோ என்பது பிக்சல் என்னும் நுண்ணிய புள்ளிகளால் ஆன படம். குறுக்கே 1920, உயரத்தில் 1080 பிக்சல் கொண்ட படத்தில் மொத்தம் 20,73,600 பிக்சல்கள். அதையே குறுக்கே 640, உயரத்தில் 360 என்று சுருக்கினால் 2,30,400 பிக்சல்கள்தான் மிஞ்சும். அதாவது ஒன்பதில் ஒரு பங்கு. பெரிய படத்தில் ஒரு புள்ளி நோய் 12 பிக்சல் அகலம் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். சின்னப் படத்தில் அது 4 பிக்சல் ஆகிவிடும். சுற்றியிருந்த மஞ்சள் வளையம் 2 பிக்சல் என்றால், அது ஒரு பிக்சல்கூடத் தேறாமல் பக்கத்து நிறத்தோடு கரைந்துபோகும். அப்புறம் டிக்கா எது, துரு எது என்று யாரால் சொல்ல முடியும்?

இன்னொன்றும் கவனியுங்கள். சின்னதாக்கிய படத்தை மறுபடி பெரிதாக்கினால் போன விவரம் திரும்பி வராது. அரைத்த மாவு திரும்ப அரிசி ஆகாது. பெரிதாக்கிய படம் மழுங்கலாகத்தான் தெரியும்.

கருவியும் ஏவலாளும்

வீடியோ வேலைக்கு உலகமெங்கும் புழங்கும் ஒரு இலவசக் கருவி எஃப்.எஃப்.எம்பெக். பிரான்ஸ் நாட்டு நிரலாளர் ஃபாப்ரிஸ் பெல்லார் 2000-ம் ஆண்டில் இதைத் தொடங்கினார். பிறகு பல நாட்டு வல்லுநர்கள் கூடி வளர்த்தார்கள். பல வீடியோ மென்பொருள்களுக்குள் இதன் பாகங்கள்தான் ஓடுகின்றன. பொத்தான் கிடையாது. கட்டளையை எழுத்தில் தட்ட வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் வேலை மாறிவிடும். அதன் கையேடும் பெரியது.

மனிதன் என்றால் அந்தக் கையேட்டைப் புரட்டுவான், பக்கத்து மேஜைக்காரனைக் கேட்பான், படம் திரையில் கோணலாகத் தெரிந்தால் "என்னடா இது" என்று நிறுத்துவான். ஏவலாள் அப்படி இல்லை. பெரும்பாலும் அது படத்தைக் கண்ணால் பார்ப்பதே இல்லை. கருவி எழுத்தில் சொல்லும் பதிலை மட்டும் படிக்கும். ஆந்த்ரோபிக் என்ற நிறுவனம் 2024 நவம்பரில் 'மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்' என்ற ஒரு பொது முறையை வெளியிட்டது. அந்த முறையில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், அது என்ன செய்யும் என்ற விளக்கம், என்னென்ன அளவு கொடுக்க வேண்டும் என்ற பட்டியல் ஆகியவை ஏவலாளுக்குத் தரப்படும். அதைப் படித்துத்தான் எந்தக் கருவியை எடுப்பது, எப்படி ஓட்டுவது என்று அது முடிவு செய்கிறது. குறிப்பில் எழுதாததை அது தானாக ஊகித்துக்கொள்ளும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

"எள்ளுன்னா எண்ணெயா நிப்பான்" என்று நல்ல வேலைக்காரனைப் புகழ்வோம். இந்த ஏவலாளும் அந்த ரகம்தான். ஆனால் விதைக்கு எள் கேட்ட இடத்தில் எண்ணெயைக் கொண்டுவந்து நிறுத்தினால் எப்படி இருக்கும்? "வீடியோவைச் சின்னதாக்கு" என்று மட்டும் சொன்னால், அது அகலத்தைக் குறைக்கலாம், தரத்தைக் குறைக்கலாம், பாதியை வெட்டியும் எறியலாம். எல்லாமே 'சின்னதாக்குவது'தானே!

ரேடியோ நெல் சொன்ன பாடம்

கண்ணால் பார்க்காத ஆளுக்கு வேலை சொல்லித் தருவது நமக்குப் புதிதில்லை. 1960-களில் ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல் வந்தபோது, திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சிகள் அதைத் தஞ்சை மாவட்டத்தில் வீடு வீடாகக் கொண்டு சேர்த்தன. ஜனங்கள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பேர் வைத்துவிட்டார்கள். வானொலியில் பேசுகிறவருக்குக் கேட்பவரின் கழனி தெரியாது. கேட்பவராலும் குறுக்கே கேள்வி கேட்க முடியாது. அப்படிப்பட்ட பேச்சில் "கொஞ்சம் உரம் போடுங்க" என்றால் ஒருவர் ஒரு கூடை போடுவார், இன்னொருவர் ஒரு வண்டி அடிப்பார். எந்த ரகம், எத்தனாவது நாள், ஏக்கருக்கு எத்தனை கிலோ என்று அளவோடு சொன்னால்தான் வேலை நடக்கும். ஏவலாளுக்கு எழுதும் குறிப்பும் இந்த மாதிரிப் பேச்சுதான்.

குறிப்பில் இருக்க வேண்டியவை

முதலாவது, கருவி செய்யும் வேலையும் செய்யாத வேலையும். படத்தின் அகல உயரத்தைக் குறைப்பது ஒரு வேலை. அகல உயரம் மாறாமல் கோப்பின் கனத்தைக் குறைப்பது இன்னொன்று. ஓரத்தை வெட்டுவது, நேரத்தை வெட்டுவது இரண்டும் வேறு வேலைகள். "இந்தக் கருவி அகல உயரத்தை மட்டும் மாற்றும், ஓரத்தையோ நேரத்தையோ வெட்டாது" என்று முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும்.

இரண்டாவது, அளவும் அலகும். '640' என்று மட்டும் எழுதினால் போதாது. '640 பிக்சல் அகலம்' என்று எழுத வேண்டும். சில அளவுகள் தலைகீழாக ஓடும். எஃப்.எஃப்.எம்பெக்கோடு சேர்ந்து ஓடும் எக்ஸ்264 என்ற பாகத்தில், சாதாரண வீடியோவுக்குத் தரத்தை 0 முதல் 51 வரை ஒரு எண்ணால் சொல்வார்கள். எண் கூடக்கூடத் தரம் குறையும். நாம் சொல்லாவிட்டால் 23 என்று எடுத்துக்கொள்ளும். 'தரம் 40' என்றால் நல்ல தரம் என்று நினைக்க இடமுண்டு. உண்மையில் படம் கலங்கிப்போகும். இப்படிப்பட்ட இடத்தில் "எண் கூடினால் படம் கெடும்" என்று பட்டவர்த்தனமாக எழுதுங்கள்.

மூன்றாவது, அகல உயரப் பொருத்தம். கார்த்திகைத் தீபத்தை ஒட்டித் திருவண்ணாமலையில் மாட்டுச் சந்தை கூடும். சந்தைக்கு முன்பே ஒருவர் தன் காளையை வீடியோ எடுத்து வியாபாரிக்கு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். 1920-க்கு 1080 இருந்த படத்தை 640-க்கு 640 என்று சதுரமாக அமுக்கினால், நீளக் காளை குறுகி, கால் மட்டும் உயர்ந்து தெரியும். வாங்க வருபவர், "படத்துல பார்த்த மாடு இது இல்லையே" என்பார். ஆகவே அகலத்தை மட்டும் கொடுத்து, உயரத்தைக் கருவியே பொருத்தமாகக் கணக்கிடும்படி விட வேண்டும்.

இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. வழக்கமான வீடியோ முறையில் நிறத்தை இரண்டுக்கு இரண்டு பிக்சல்களாகச் சேர்த்துப் பதிவார்கள். அதனால் அகலமும் உயரமும் இரட்டைப்படை எண்ணாக இருக்க வேண்டும். நுகத்தடியில் ஒற்றை மாட்டைப் பூட்ட முடியாதல்லவா? 1920-க்கு 1080 படத்தை 500 அகலத்துக்குக் குறைத்தால் உயரம் 281 என்று வரும். அது ஒற்றைப்படை, கருவி வேலை செய்ய மறுத்துவிடும். உயரம் என்ற இடத்தில் 'மைனஸ் 2' என்று கொடுத்தால், பொருத்தம் கெடாமல் இரட்டைப்படையாக 282 என்று தானே எடுத்துக்கொள்ளும். இதைக் குறிப்பில் காரணத்தோடு எழுதுங்கள். காரணம் தெரிந்தால்தான் ஏவலாள் வேறு சமயத்தில் அதை விட்டுவிடாது.

நான்காவது, மூலப் படத்தைக் காப்பது. இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். விதை நெல்லை அவிக்கலாமா? எஃப்.எஃப்.எம்பெக், புதிய படத்துக்குக் கொடுத்த பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருந்தால், "இதன்மேல் எழுதட்டுமா?" என்று கேட்டு நிற்கும். பதில் சொல்ல ஆள் இல்லாவிட்டால் வேலை அப்படியே முடங்கிக் கிடக்கும். 'வொய்' என்ற எழுத்தைக் கட்டளையில் சேர்த்தால் கேட்காமலே மேலே எழுதி, பழையதை அழித்துவிடும். 'என்' என்ற எழுத்தைச் சேர்த்தால் எழுதாமல் நின்றுவிடும். "எப்போதும் 'என்' சேர்க்க வேண்டும், 'வொய்' சேர்க்கவே கூடாது, புதிய படத்துக்குப் புதிய பெயர் வைக்க வேண்டும்" என்று எழுதிவிடுங்கள்.

ஐந்தாவது, கனத்தின் கணக்கு. தொட்டியில் இவ்வளவு தண்ணீர், இத்தனை மணி நேரம் பாய வேண்டும் என்றால் மடையை எவ்வளவு திறப்பது என்று நமக்குத் தெரியும். இதுவும் அதே கணக்குதான். கோப்பு 16 எம்பி-க்குள் இருக்க வேண்டும், வீடியோ 2 நிமிடம் ஓடும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பைட்டுக்கு 8 பிட். 16-ஐ 8-ஆல் பெருக்கினால் 128 மெகாபிட். அதை 120 வினாடிக்குப் பங்கிட்டால் வினாடிக்கு ஒரு மெகாபிட்டுக்குச் சற்று மேலே வரும். படமும் குரலும் இதற்குள் அடங்க வேண்டும். அதையே 30 வினாடி வீடியோவாக எடுத்திருந்தால் வினாடிக்கு நான்கு மடங்கு கிடைக்கும். ஆகவே நோய் காட்டும் வீடியோவைச் சுருக்குவதைவிட, எடுக்கும்போதே குறுகலாக எடுப்பது மேல்.

ஆறாவது, வேலை முடிந்ததற்கு அடையாளம். கருவி சரியாக முடித்தால் '0' என்ற எண்ணைத் திருப்பித் தரும். வேறு எண் வந்தால் தவறு. அதோடு விடக்கூடாது. எஃப்.எஃப்.எம்பெக்கோடு கூடவே வரும் எஃப்.எஃப்.ப்ரோப் என்ற கருவி, ஒரு வீடியோவின் அகலம், உயரம், ஓடும் நேரம் ஆகியவற்றை அளந்து சொல்லும். புதிய படத்தை அதில் அளந்து பார்த்த பிறகே "முடிந்தது" என்று சொல்ல வேண்டும். தவறு நேர்ந்தால் என்ன செய்வது என்பதையும் எழுதுங்கள். "அளவை மாற்றி மாற்றி முயற்சி செய்யாதே, நிறுத்திவிட்டு ஆளைக் கேள்" என்ற ஒரு வரி பல நஷ்டங்களைத் தடுக்கும்.

மாதிரிக் குறிப்பு

உற்பத்தியாளர் குழு வைத்திருப்பவர்கள் கீழ்க்கண்ட மாதிரியை வைத்துக்கொண்டு தங்கள் தேவைக்கு ஏற்பத் திருத்திக்கொள்ளலாம்:

"கருவியின் பெயர்: வீடியோ அளவு குறைப்பான். இது படத்தின் அகல உயரத்தை மட்டும் குறைக்கும். பெரிதாக்காது, ஓரம் வெட்டாது, நேரம் வெட்டாது, குரலை நீக்காது.

கொடுக்க வேண்டியவை: மூலக் கோப்பின் பெயர், புதிய கோப்பின் பெயர், அகலம் பிக்சலில். இரண்டு பெயரும் ஒன்றாக இருக்கக்கூடாது. அகலம் இரட்டைப்படையாக இருக்க வேண்டும். உயரத்துக்கு மைனஸ் 2.

கேட்ட அகலம் மூலப் படத்தின் அகலத்தைவிடக் கூடுதலாக இருந்தால் செய்யாதே, சொல்லிவிடு.

பயிர் நோய் அல்லது பூச்சி காட்டும் வீடியோ என்றால், அளவைக் குறைக்கும் முன் உரியவரிடம் கேள். அவர் சம்மதித்தால் மட்டும் செய்.

முடிந்ததும் புதிய கோப்பை அளந்து, அகலம், உயரம், நேரம், கனம் நான்கையும் தெரிவி. நேரம் மூலத்தோடு ஒத்துப்போகாவிட்டால் தவறு என்று சொல். மூலக் கோப்பை எந்தக் காரணத்துக்காகவும் அழிக்காதே."

பாருங்கள், இதில் அலங்காரமாக ஒரு வார்த்தை கிடையாது. "மிகச் சிறந்த கருவி", "அதிவேகக் கருவி" என்றெல்லாம் எழுதினால் ஏவலாளுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. 'குரலை நீக்காது' என்ற வரியை யாரும் முக்கியமாக நினைக்க மாட்டார்கள். ஆனால் "விதைச்சு நாப்பது நாள் ஆச்சுங்க, போன வாரம் மழை பேஞ்சுது" என்று நீங்கள் வீடியோவில் சொல்வதில்தான் பாதி விவரம் இருக்கிறது. இதை யோசித்து எழுதச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

சோதித்துப் பாருங்கள்

புது விதையை முளைப்புத்திறன் பாராமல் விதைக்க மாட்டோம். குறிப்பையும் அப்படியே சோதிக்க வேண்டும். படுக்கையாக எடுத்த வீடியோ ஒன்று, செல்போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த வீடியோ ஒன்று, இல்லாத ஒரு கோப்பின் பெயர் ஒன்று, இந்த மூன்றையும் ஏவலாளிடம் கொடுங்கள். முதல் இரண்டும் பொருத்தம் கெடாமல் வந்தனவா? மூன்றாவதற்கு "அப்படி ஒரு கோப்பு இல்லை" என்று நேர்மையாகச் சொன்னதா, அல்லது முடித்துவிட்டதாகக் கதை விட்டதா? எங்கே சறுக்குகிறதோ அந்த இடத்தில் குறிப்பில் ஒரு வரி சேருங்கள். திருத்திய குறிப்பை மறுபடி சோதியுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். முன்பின் தெரியாதவர் அனுப்பிய குறிப்பை அப்படியே உங்கள் கணினியில் ஏற்றாதீர்கள். அதில் நடுவே ஒளித்து எழுதிய ஒரு வரியைக்கூட ஏவலாள் கட்டளையாக எடுத்துக்கொள்ளக்கூடும். ஏற்றுவதற்கு முன்பு குழுவில் ஒருவர் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்துவிட வேண்டும். அதற்காகவே குறிப்பைத் தமிழில், எல்லாருக்கும் புரிகிற மாதிரி எழுதி வையுங்கள்.

இத்தனை செய்த பிறகும் படம் தெளிவாக இல்லையென்றால் படத்தை நம்பி மருந்து வாங்காதீர்கள். நோய் கண்ட செடியை வேரோடு எடுத்துக்கொண்டு உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போங்கள். போனில் கேட்பதானால் கிசான் கால் சென்டர் எண் 1800-180-1551. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

அடுத்த முறை இலையில் புள்ளி கண்டால் செல்போனை நன்றாகக் கிட்டே கொண்டுபோய், இலையின் மேல்புறமும் அடிப்புறமும் தெரியும்படி 20 வினாடி எடுங்கள். உங்கள் வீட்டில் கணினி தெரிந்த மகனையோ மகளையோ பக்கத்தில் உட்கார வைத்து, மேலே சொன்ன மாதிரிக் குறிப்பில் உங்கள் பயிருக்கு என்ன வரி சேர வேண்டும் என்று நீங்கள் சொல்லச் சொல்ல எழுதச் சொல்லுங்கள். நஷ்டம் வராமல் காப்பது அந்த வரிதான்.